சுருட்டுப் பெட்டியைக் கவிழ்த்துப் பாருங்கள்

கேள்வி: அம்மாவின் கடிதங்களையும் பழைய போட்டோக்களையும் போட்டு வைக்க ஒரு மரப்பெட்டி தேடுகிறேன். இணையத்தில் பழம்பொருள் கடை நடத்தும் ஒருவர் கியூபா சுருட்டுப் பெட்டி ஒன்றை '1950களின் அசல்' என்று சொல்லி 4,500 ரூபாய் கேட்கிறார். அடிப்பக்கப் படத்தில் 'ஹபானோஸ் எஸ்.ஏ.', 'எச்சோ என் கூபா' என்று சூடு போட்டிருக்கிறது. வாங்கலாமா? புகையிலை வாடை போகுமா?
- வாசகி, மதுரை

பதில்: பெட்டி பிடித்திருந்தால் வாங்குங்கள். ஆனால் 1950களுக்கான விலை கொடுக்காதீர்கள். அந்தக் காலத்துப் பெட்டிகளின் அடியில் 'மேட் இன் ஹவானா - கியூபா' என்று ஆங்கிலத்தில்தான் இருக்கும். 'எச்சோ என் கூபா' (கியூபாவில் செய்தது) என்ற ஸ்பானிஷ் வாசகம் வந்ததே 1959 புரட்சிக்குப் பிறகு. கியூபா சுருட்டுகளை விற்கும் நிறுவனமான ஹபானோஸ் எஸ்.ஏ.வின் முத்திரையோ 1994 முதல்தான். ஆக, இந்தப் பெட்டிக்கு முப்பத்துச் சொச்சம் வயதுகூட இருக்குமா என்பது சந்தேகம். விற்பவர் பொய் சொல்கிறார் என்று நான் சொல்லவில்லை. மொத்தமாக வாங்கி விற்பவர்களில் பலர் பெட்டியைக் கவிழ்த்தே பார்ப்பதில்லை. இதை எடுத்துச் சொல்லிப் பேரம் பேசுங்கள். நானாக இருந்தால் ஆயிரத்தைத் தாண்டமாட்டேன்.

வாடை விஷயம். புகையிலை என்று நாம் நினைப்பதில் பாதி, மரத்தின் சொந்த வாசனை. சுருட்டுப் பெட்டிக்குப் பேர்போன 'ஸ்பானிஷ் சிடார்' உண்மையில் சிடாரே இல்லை, நம் வேம்பின் குடும்பம். அந்த வாசனையைப் போக்க நினைக்காதீர்கள், அதற்காகத்தானே இந்தப் பெட்டி! புகையிலை நெடி அதிகமாக இருந்தால் மூடியைத் திறந்து நிழலில் சில நாள் வையுங்கள், உள்ளே ஒரு கிண்ணத்தில் சமையல் சோடா இருக்கட்டும். ஈரத்துணி மட்டும் கூடாது. மூலைகளில் ஒட்டிய காகிதப் பட்டை உரிந்து வந்துவிடும், சாயமும் இளகும். காய்ந்த பிரஷ் போதும்.

மரத்தில் குண்டூசி முனை அளவு ஓட்டைகளும் மாவு போன்ற தூளும் தெரிந்தால் பூச்சி இருக்கிறது என்று அர்த்தம். பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் கட்டி, ஃப்ரீசரில் ஒரு வாரம் போட்டுவிட்டுப் பிறகு பயன்படுத்துங்கள்.

போட்டோக்களை நேராக மரத்தின் மேல் வைக்காதீர்கள். இந்த மரம் சில சமயம் பிசின் கசியும், ஒட்டிக்கொண்டால் படம் போச்சு. மரத்தின் அமிலம் காகிதத்தையும் மஞ்சளாக்கும். அமிலமில்லாத காகித உறையிலோ பாலிப்ரொப்பிலீன் உறையிலோ போட்டு வையுங்கள், பி.வி.சி. உறை வேண்டாம்.

அப்புறம், பணம் கட்டும் முன் '1950கள்' என்று எழுதியிருக்கும் அந்த விளம்பரத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள். 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, விளம்பரத்தில் சொன்னபடி பொருள் இல்லையென்றால் இணைய வணிகர் அதைத் திரும்பப் பெற மறுக்க முடியாது. மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. யாரோ ஒருவர் தன் வீட்டுப் பழைய பொருளைத் தனிப்பட்ட முறையில் விற்றால் இந்தப் பாதுகாப்பை நம்ப முடியாது. அங்கே பெட்டியை நேரில் பார்த்த பிறகே பணத்தை எடுங்கள்.