பெரிய பாக்கெட் எடுத்தால் லாபமா? மளிகைச் செலவு பற்றி வாசகர் கேள்விகள்

கேள்வி: அக்கா, நாங்கள் வீட்டில் நாலு பேர். முன்பெல்லாம் தெருமுனை அண்ணாச்சி கடையில்தான் சாமான் வாங்குவோம். போன வருடம் சூப்பர் மார்க்கெட்டுக்கு மாறினோம். ஒவ்வொரு பில்லிலும் ‘நீங்கள் சேமித்தது இவ்வளவு’ என்று அடித்துத் தருகிறார்கள், ஆனால் மாதச் செலவு கூடிக்கொண்டேதான் போகிறது. எங்கே போகிறது பணம்? (வாசகி, கரூர்)

பதில்: அந்த வரி, எம்.ஆர்.பி.யிலிருந்து எவ்வளவு குறைத்தார்கள் என்பதை மட்டும்தான் சொல்லும். அதே பொருள் அண்ணாச்சி கடையில் என்ன விலை, வாங்கியதில் எத்தனை லிஸ்டில் இல்லாதவை என்பதெல்லாம் அதில் வராது. போன மாத பில்லை எடுத்து, எழுதிக்கொண்டு போகாமல் கூடையில் விழுந்த பொருள்களை மட்டும் பேனாவால் சுழித்துக் கூட்டிப் பாருங்கள். பெரும்பாலான வீடுகளில் பாதி பதில் அங்கேயே கிடைத்துவிடும்.

மீதி பதில் பாக்கெட்டின் மேலேயே இருக்கிறது. எம்.ஆர்.பி.க்குப் பக்கத்தில் ‘யு.எஸ்.பி.’ என்று பொடி எழுத்தில் ஒரு விலை அச்சாகியிருக்கும். ஒரு கிராமுக்கு, ஒரு மில்லிக்கு, பெரிய பாக்கெட் என்றால் ஒரு கிலோவுக்கு என்ன விலை என்பது அது. சட்டப்படி போட வேண்டியது, ஆனால் படிக்கிறவர்கள் ரொம்பக் குறைவு. நான் யாருக்கு ஆலோசனை சொன்னாலும் முதலில் சொல்வது இதைத்தான்: பாக்கெட் விலையைப் பார்க்காதீர்கள், கிலோ விலையைப் பாருங்கள்.

எண்ணெயை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு லிட்டர் சூரியகாந்தி எண்ணெய் சுமார் 910 கிராம் இருக்கும். இப்போது 850 கிராம், 800 கிராம் பாக்கெட்டுகளும் அதே உயரத்தில், அதே நிறத்தில் பக்கத்திலேயே நிற்கின்றன. உதாரணத்துக்கு, 910 கிராம் 150 ரூபாய், 850 கிராம் 145 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கை தானாக 145க்குத்தான் போகும். கணக்குப் போட்டால் அதில் கிலோவுக்கு ஆறு ரூபாய் போல அதிகம் கொடுக்கிறீர்கள்.

பெரியது எப்போதும் மலிவு என்றும் நினைக்க வேண்டாம். பல ஷாம்புகளில் ஒரு ரூபாய் சாஷே, மில்லி கணக்கில் பாட்டிலைவிட மலிவு. குப்பை சேரும் என்பது உண்மைதான், அதை நீங்களே யோசித்து முடிவு செய்யுங்கள். இன்னொன்று, யு.எஸ்.பி. கணக்கு எம்.ஆர்.பி.யை வைத்துப் போட்டது. கடைக்காரர் தள்ளுபடி கொடுத்திருந்தால் அந்த விலையை நீங்கள்தான் எடையால் வகுத்துப் பார்க்க வேண்டும். போனில் கால்குலேட்டர் இருக்கிறது, கூச்சப்படாமல் கடையிலேயே நின்று போடுங்கள்.

என் யோசனை: எண்ணெய், சோப்பு, டூத்பேஸ்ட் மாதிரி கம்பெனி சரக்கை மாதம் ஒருமுறை சூப்பர் மார்க்கெட்டில் தள்ளுபடி பார்த்து வாங்குங்கள். பருப்பு, மிளகு, சீரகம், வெல்லம் எல்லாம் அண்ணாச்சியிடமே. ஐம்பது கிராம் கேட்டாலும் முகம் சுளிக்காமல் மடித்துத் தருவார், இரண்டு மாதம் டப்பாவில் கிடந்து வாசம் போன சோம்பைக் கொட்ட வேண்டிய வேலை இருக்காது. இடையில் கொத்தமல்லி ஒரு கட்டு தீர்ந்துபோனதற்காக ஆப்பில் ஆர்டர் போடுகிற பழக்கம் இருந்தால் அதை முதலில் நிறுத்துங்கள். டெலிவரி சார்ஜ், ஹேண்ட்லிங் சார்ஜ் என்று சேர்த்து, அதைத் தவிர்க்கவே இன்னும் இரண்டு பொருளைக் கூடையில் போட வைத்துவிடுவார்கள்.

கேள்வி: அரிசி மூட்டை ஏன் 26 கிலோவாக வருகிறது? நாங்கள் ரூமில் மூன்று பேர் சமைத்துச் சாப்பிடுகிறோம், 5 கிலோ பையாக வாங்குவது நல்லதா? (வாசகர், அம்பத்தூர்)

பதில்: 2022 ஜூலை 18 முதல் பாக்கெட் போட்டு லேபிள் ஒட்டிய அரிசி, பருப்பு, மாவுக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. வந்தது. அது 25 கிலோ வரைக்கும்தான். அதனால் ஆலைக்காரர்கள் ஒரு கிலோ கூட்டி 26 ஆக்கிவிட்டார்கள். 5 கிலோ பையில் அந்த வரியும் பையின் செலவும் உங்கள் தலையில்தான். மூன்று பேருக்கு மூட்டை தாராளமாகத் தீரும், பங்கு போட்டு வாங்குங்கள். பழைய அரிசியா என்று கேட்டு வாங்குவது முக்கியம். விலை கொஞ்சம் கூடுதல், ஆனால் சோறு நிறையக் காணும், குழையாது.

கேள்வி: ரேஷன் அட்டை இருந்தும் கடைக்குப் போக என் கணவருக்குக் கூச்சம். நான் போனாலும் ‘நமக்கென்ன தேவை’ என்கிறார். (வாசகி, பாளையங்கோட்டை)

பதில்: கூச்சப்பட இதில் எதுவுமே இல்லை அம்மா, அது உங்கள் அட்டைக்கு வர வேண்டிய பொருள். மாதம் ஒரு கிலோ துவரம்பருப்பு 30 ரூபாய், ஒரு லிட்டர் பாமாயில் 25 ரூபாய். வெளியில் பருப்பு என்ன விலை என்று அவரையே ஒருநாள் கடைக்கு அனுப்பிப் பாருங்கள். அரிசி அட்டைக்கு 2011 ஜூன் முதல் அரிசி இலவசம். சோறாகச் சாப்பிடப் பிடிக்கவில்லையா, புழுங்கலரிசியை இட்லி மாவுக்குப் போடுங்கள், எத்தனையோ வீடுகளில் அப்படித்தான் அரைக்கிறார்கள், இட்லி நன்றாகவே வரும். பருப்பு வேக நேரமெடுத்தால் அரை மணி நேரம் ஊறவைத்துக் குக்கரில் வையுங்கள், கேஸும் மிச்சம்.

வாங்காத பொருளுக்கு போனில் மெசேஜ் வந்தால் சும்மா விடாதீர்கள். 1967 என்ற எண்ணில் புகார் சொல்லலாம்.

கேள்வி: வருஷ சாமான் இந்தக் காலத்துக்கும் ஒத்துவருமா? (வாசகி, தருமபுரி)

பதில்: புளி, மிளகாய், மஞ்சள், மல்லிக்கு ஒத்துவரும். மாசி, பங்குனியில் புதுச் சரக்கு வரும்போது வாங்கி, வெயிலில் நன்றாகக் காயவைத்து, புளியைக் கொட்டை எடுத்துக் கல் உப்பு சேர்த்து ஜாடியில் வையுங்கள். உங்கள் ஊர்ப் பக்கமே புளிக்குப் பேர் போனது. ரவை, மைதா, கடலை மாவு மட்டும் மொத்தமாக வேண்டாம், வண்டுக்குத்தான் போகும்.

கேள்வி: சோப்பு, பினாயில், பாத்ரூம் கிளீனர் என்றே மாதம் ஒரு தொகை ஆகிறது. குறைக்க வழி உண்டா? (வாசகி, மதுரை)

பதில்: குளியல் சோப்பு வாங்கும்போது அட்டையில் ‘டி.எஃப்.எம்.’, அதாவது சோப்பில் உள்ள மொத்தக் கொழுப்புப் பொருள், எத்தனை சதவீதம் என்று பாருங்கள். 76 அல்லது அதற்கு மேல் என்றால் முதல் தரம். ‘பாத்திங் பார்’ என்று போட்டிருப்பதில் 40 சதவீதம் இருந்தாலே போதும் என்பது விதி, அது சீக்கிரம் கரையும். நல்ல சோப்பாக வாங்கி, தண்ணீர் வடிகிற டப்பாவில் வையுங்கள்.

பாத்ரூம் தரைக்கு பிளீச்சிங் பவுடர் போதும், விலையும் குறைவு. ஆனால் அதை ஆசிட்டோடும் டாய்லெட் கிளீனரோடும் ஒருநாளும் கலக்காதீர்கள், கிளம்புகிற குளோரின் வாயு மூச்சை அடைத்துவிடும். ஒன்றைப் போட்டால் நிறையத் தண்ணீர் விட்டு முழுக்கக் கழுவி, மற்றதை வேறொரு நாளில் போடுங்கள். ஜன்னல் திறந்திருக்கட்டும், பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் இரண்டையும் தனித்தனியாக வையுங்கள்.