வாயைக் கட்டுங்கள், கண்ணைத் திறந்து வையுங்கள்

கேள்வி: என் மகனுக்கு ஐந்து வயது. நீச்சல், சதுரங்கம், ஓவியம் என்று வாரத்தில் நான்கு மாலை வகுப்பு. மற்ற நாட்களில் நானே பக்கத்தில் உட்கார்ந்து விளையாட்டுச் சொல்லித் தருகிறேன். அப்படியும் பத்து நிமிடம் தனியாக விளையாட மாட்டேன் என்கிறான். ‘சும்மா விடு, தானா விளையாடுவான்’ என்கிறார் மாமியார். யார் சொல்வது சரி?

பதில்: மாமியார் சொல்வதில் முக்கால்வாசி சரி.

வகுப்பில் நடப்பது பயிற்சி. நல்லதுதான், ஆனால் விளையாட்டுக் கணக்கில் சேர்க்காதீர்கள். என்ன ஆடுவது, யார் ராஜா, எப்போது நிறுத்துவது என்பதையெல்லாம் குழந்தையே தீர்மானிக்க வேண்டும். ‘அசையாமல் நில்’ என்று அதட்டினால் நிற்காத பையன், ஆட்டத்தில் காவல்காரன் ஆகிவிட்டால் கல்லாக நிற்பான். ஆசையை அடக்கி விதிக்குக் கட்டுப்படும் பழக்கம் இப்படித்தான் வளர்கிறது என்று ரஷ்ய உளவியலாளர் வைகாட்ஸ்கி 1933-லேயே விளக்கிவிட்டார்.

அவன் தனியாக ஆடாததற்கு நீங்கள் பக்கத்தில் இருப்பதே காரணமாக இருக்கலாம். கட்டை கோணலாக நின்றால் உங்கள் கை முந்துகிறதா? ‘இது என்ன கலர், மொத்தம் எத்தனை?’ என்று கேட்கிறீர்களா? அந்த நொடியே ஆட்டம் பரீட்சையாகிவிடும். அடுத்து என்ன செய்வது என்று உங்கள் முகத்தைப் பார்ப்பான்.

தினமும் ஒரு மணி நேரத்தைக் காலியாக விடுங்கள். இருபது நிமிடம் போதாது. யாருக்கு என்ன வேடம் என்று பிரித்து, வீடு கட்டி முடிப்பதற்குள் நேரம் போய்விடும். முதல் கால் மணி ‘போரடிக்குது’ என்பான். டிவியையோ யோசனையையோ நீட்டாதீர்கள். நான்கைந்து பொருள் மட்டும் வெளியே இருக்கட்டும்: கட்டைகள், அட்டைப்பெட்டி, பழைய போர்வை, துணி கிளிப். மீதியைப் பூட்டி வைத்துப் பத்து நாளுக்கொரு முறை மாற்றுங்கள். பொத்தானை அமுக்கினால் பாடும் பொம்மையில் பாடுவது பொம்மைதான், குழந்தைக்கு அங்கே வேலையில்லை. நீங்கள் கண்ணில் படும் தூரத்தில் உங்கள் வேலையைப் பாருங்கள். கோபுரம் மூன்றாம் முறையும் சரிந்து அழுகை வந்தால், ‘அடியில் பெரிய கட்டை வைத்தால்?’ என்று ஒரு வரி. கை வேண்டாம்.

இனி மாமியார் விட்ட கால்வாசி. தண்ணீர் என்றால், வாளித் தண்ணீரானாலும், கையெட்டும் தூரத்தில் இருங்கள். வீட்டில் மூன்று வயதுக்குக் கீழ் குழந்தை இருந்தால், டாய்லெட் பேப்பர் சுருளின் அட்டைக் குழலுக்குள் நுழையும் எந்தப் பொருளும் அதன் கைக்குப் போகக்கூடாது. பட்டன் பேட்டரியும் காந்த உருண்டையும் எந்த வயதிலும் ஆகாது. பூங்காவில் கம்பிகளில் ஏறும்போது நீங்கள் தூக்கிவிடாதீர்கள். தானாக ஏறிய உயரத்திலிருந்து இறங்கவும் பெரும்பாலும் வழி கண்டுபிடிப்பான். ஏறுவதற்கு முன் கழுத்துத் துணி, கயிறு, சைக்கிள் ஹெல்மெட் மூன்றையும் கழற்றிவிடுங்கள். கம்பியில் மாட்டினால் கழுத்தை இறுக்கும். சறுக்குமரத்தில் சின்னக் குழந்தையை மடியில் வைத்துச் சறுக்குவது பாசம்போலத் தோன்றும். அதன் கால் ஓரத்தில் சிக்கினால், உங்கள் எடை சேர்ந்து இழுத்துக் கால் எலும்பே முறியும்.

குழந்தைகள் கட்டிப் புரண்டால் உடனே பிரிக்காதீர்கள். சிரிப்பும், மாறி மாறித் துரத்தலும் இருந்தால் அது ஆட்டம். முகம் இறுகி, ஒருவன் மட்டும் விலகி ஓடப் பார்த்தால் அது சண்டை, அப்போது போங்கள்.

நீச்சலை நிறுத்த வேண்டாம். ஐந்து முதல் பதினேழு வயது வரை தினமும் சராசரியாக 60 நிமிடம் உடல் நன்கு உழைக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதில் நீச்சல் சேரும். சதுரங்கம், ஓவியம் இரண்டில் ஒன்றை விடுங்கள். எதை என்று அவனையே கேளுங்கள்.