முதலில் அந்தச் சாவை வெட்டுங்கள்

கேள்வி: எழுபது வயது நண்பர்கள் இருவரைப் பற்றி வண்ணாரப்பேட்டையில் ஒரு குறும்படம் எடுக்கிறேன். முடிவில் ஒருவர் இறந்துவிட, மற்றவர் டீக்கடை பெஞ்சில் தனியே உட்கார்ந்திருக்கிறார். இருவரும் கைகோத்து நடக்கும் காட்சியை வெட்டச் சொல்கிறார் தயாரிப்பாளர். சிரிப்பார்களாம், வேறு மாதிரி நினைப்பார்களாம். கோப்பெருஞ்சோழனும் பிசிராந்தையாரும் வாழ்ந்த மண்ணில் முதியவர்களின் நட்பைக் காட்ட இவ்வளவு தயக்கமா? இளைஞர்கள் பார்க்கும்படி எப்படி எடுப்பது?
— உதவி இயக்குநரான ஒரு வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: கைகோக்கும் காட்சி இருக்கட்டும். முதலில் அந்தச் சாவை வெட்டுங்கள். தயாரிப்பாளர் மீது நீங்கள் சொல்லும் குறையில் பாதி உங்கள் கதையிலேயே இருக்கிறது.

ஆண்களின் நட்பு நம் சினிமாவுக்குத் தெரியாத சங்கதியல்ல. 1991இல் வந்த ‘தளபதி’யை இன்றும் நட்புக்கு உதாரணமாகச் சொல்கிறோம். அதில் நண்பர்களாக நடித்த ரஜினிகாந்துக்கும் மம்முட்டிக்கும் அப்போது நாற்பது வயது. நண்பனுக்காக அரிவாள் முன்னால் போய் நிற்கக்கூடிய வயது. அந்த வயது தாண்டிய பிறகு நண்பர்கள் ஒருவருக்கொருவர் என்ன செய்துகொள்வார்கள் என்று நம் கதாசிரியர்களைக் கேட்டால் விழிக்கிறார்கள். விழித்துவிட்டு, கிழவரில் ஒருவரைக் கொன்றுவிடுகிறார்கள். நீங்களும் அதைத்தான் செய்திருக்கிறீர்கள். தொலைக்காட்சித் தொடர்கள் இன்னும் மோசம். அங்கே ஒரு பெரியவருக்கு நண்பர் வருகிறார் என்றால் பெண் கேட்கத்தான் வருகிறார். சம்பந்தியாகி, பத்தாவது வாரத்தில் பகையாளியாகிவிடுவார்.

பிசிராந்தையாரை இழுத்தீர்கள். அவரையும் நாம் வடக்கிருந்து உயிர்விட்டதற்காகத்தான் நினைவில் வைத்திருக்கிறோம். புறநானூற்றில் அவருடைய 191ஆம் பாட்டைப் பாருங்கள். இத்தனை வயதாகியும் ஏன் நரைக்கவில்லை என்று கேட்கிறார்கள். நல்ல மனைவி, நல்ல மக்கள், சொன்னதைச் செய்யும் ஏவலர், தீயது செய்யாத அரசன் என்று அடுக்கிக்கொண்டே போய், என் ஊரில் சான்றோர் பலர் இருக்கிறார்கள் என்று முடிக்கிறார். கூட இருப்பவர்கள் நன்றாக இருந்தால் மனிதனுக்கு மூப்பு உறைக்காது என்கிற இந்தச் சாதாரண விஷயம் எந்தத் திரைக்கதையில் இருக்கிறது?

சென்ற நவம்பரில் பெரம்பூரில் ஒரு வங்கியில் பார்த்ததைச் சொல்கிறேன். ரயில்வே ஓய்வூதியர்கள் ஆண்டுக்கொருமுறை அந்த மாதத்தில்தான் தாங்கள் உயிரோடு இருப்பதற்குச் சான்று கொடுக்கிறார்கள் (எண்பதைக் கடந்தவர்களுக்கு அக்டோபரிலேயே தொடங்கிவிடும்). பெரம்பூர் ஒர்க்‌ஷாப்பில் லேத் ஓட்டியே ரேகை தேய்ந்துபோன கட்டைவிரல் ஒன்றைக் கருவி ஏற்கவில்லை. வைக்க வைக்கச் சிவப்பு விளக்கு. துணைக்கு வந்தவர் அந்த விரலைப் பிடித்துத் தன் வேட்டியில் தேய்த்தார், வாய்க்காற்றை ஊதி ஈரமாக்கினார், “அழுத்தாதேப்பா, லேசாக வை” என்று தானே வைத்தும் காட்டினார். கடைசியில் பச்சை எரிந்தது. “உயிரோடுதான் இருக்கிறாயாம், சர்க்காரே ஒப்புக்கொண்டுவிட்டது, வா” என்றார். படி இறங்கும்வரை பிடித்த விரலை அவர் விடவில்லை. கீழே போய், டீக்குக் காசு யார் கொடுப்பது என்று சண்டை. இதில் எங்கே சாவு? எங்கே சோக வயலின்?

இதையெல்லாம் யார் பார்ப்பார்கள் என்பீர்கள். இங்கிலாந்தில் பிபிசி ‘லாஸ்ட் ஆஃப் த சம்மர் வைன்’ என்று ஒரு நகைச்சுவைத் தொடரை ஒளிபரப்பியது. யார்க்‌ஷயர் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் வேலைவெட்டி இல்லாத வயதான ஆண்கள் மூவர் சுற்றித்திரிவார்கள், வம்பளப்பார்கள், அசட்டுத்தனமான காரியங்களில் மாட்டிக்கொள்வார்கள். அவ்வளவுதான். 1973இல் தொடங்கி 2010 வரை ஓடியது. நம் பக்கமும் பாருங்கள். 2024இல் ‘மெய்யழகன்’ வந்தது. அதில் இருவரும் கிழவர்கள் அல்லர், உறவுக்காரர்கள் வேறு. ஆனாலும் இரண்டு ஆண்கள் ஓர் இரவு முழுக்கப் பேசுகிறார்கள். நீளம் என்று முணுமுணுப்பு எழுந்ததும் சுமார் 18 நிமிடங்களை வெட்டினார்கள். வெட்டியிருக்க வேண்டியதில்லை என்பது என் கட்சி. மூன்று மணிநேரம் வெட்டுக்குத்தைப் பார்க்கப் பொறுமை உள்ளவர்களுக்கு, பேச்சைக் கேட்க மட்டும் பொறுமை இல்லை என்று யார் முடிவு செய்தது?

உங்கள் பேட்டைக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. வட சென்னை என்றாலே கேமராவுக்குக் கத்தி வேண்டும். கொஞ்சம் மனம் இரங்கினால் குத்துச்சண்டை, கேரம். கேரமே இருக்கட்டும், ஆனால் பக்கத்தில் போய்ப் பாருங்கள். இரட்டையர் ஆட்டத்தில் கூட்டாளி எதிர் எதிராக உட்காருவார். ராத்திரி குண்டு பல்பு வெளிச்சத்தில், கண்புரை விழுந்த ஒருவருக்கு எதிரே இருப்பவர் “ரெட் உன் இடது பாக்கெட் ஓரத்தில் நிற்கிறது” என்று சொல்லிக்கொடுப்பார். போட்டியில் இது செல்லாது. மன்றத்துத் திண்ணையில் யாரும் ஆட்சேபிக்க மாட்டார்கள். நண்பனின் கண்ணாக இன்னொருவன் இருக்கிறான் என்பதை வசனமாக எழுதிவிடாதீர்கள், புண்ணியமாகப் போகும்.

‘வேறு மாதிரி நினைப்பார்கள்’ என்பதற்கும் வருகிறேன். இரண்டு ஆண்கள் காதலர்களாக இருந்தால் அது வேறொரு கதை. அதையும் யாராவது நேர்மையாக எடுக்கட்டும், முதல் ஆளாக டிக்கெட் வாங்குகிறேன். ஆனால் ராயபுரத்திலும் காசிமேட்டிலும் பெரியவர்கள் தோளில் கைபோட்டு நடப்பதை யாரும் நின்று வேடிக்கை பார்ப்பதில்லை. இரண்டு ஆண்கள் தொட்டுக்கொண்டால் பின்னணியில் கோமாளி இசை போட்டு, சிரி சிரி என்று இத்தனை வருடம் பழக்கியது சினிமாதான். பழக்கிவிட்டு இப்போது ஜனங்கள் மேல் பழியைப் போடுகிறது.

ஆகவே கைகோக்கும் காட்சி இருக்கட்டும். வெட்டியே ஆகவேண்டும் என்று தயாரிப்பாளர் பிடிவாதம் பிடித்தால், மாலை ஆறு மணிக்கு அவரை எண்ணூர் விரைவுச்சாலைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். துறைமுகத்துக் கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி வரும் நேரம். யார் கையையும் பிடிக்காமல் ஒருமுறை சாலையைக் கடந்து காட்டட்டும்.