பாடசாலை மீண்டும் திறக்கும் செய்தி கடைசி வீட்டுக்கும் போய்ச் சேர

கேள்வி: முல்லைத்தீவு மாவட்டத்தின் உட்பகுதியில் உள்ள ஓர் இடைநிலைப் பாடசாலையில் பிரதி அதிபராக இருக்கிறேன். தரம் 6 முதல் 13 வரை ஏறத்தாழ நானூறு பிள்ளைகள் படிக்கிறார்கள். பெருமழையின்போது இடம்பெயர்ந்த குடும்பங்கள் மூன்று கிழமையாக எங்கள் வகுப்பறைகளில் தங்கியிருக்கின்றன. இரண்டு கிழமைக்குள் பாடசாலையைத் திறக்க ஆயத்தம் செய்கிறோம். வட்ஸ்அப் குழுவில் நாங்கள் அறிவிப்பது ஒன்று, ஊரில் உலாவும் கதை வேறொன்று. பெற்றோருக்கு எதை, எப்போது, எந்த வழியில் அறிவிப்பது?

பதில்: நீங்கள் வட்ஸ்அப் குழுவிலிருந்து தொடங்கியிருக்கிறீர்கள். வகுப்பு இடாப்பிலிருந்து தொடங்குங்கள் என்பதே என் முதல் ஆலோசனை. ஒவ்வொரு வகுப்பாசிரியரும் இடாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பிள்ளையின் பெயருக்கும் எதிரே மூன்று விடயங்களை எழுதட்டும்: பிள்ளை இப்போது யாருடைய பொறுப்பில் இருக்கிறது, எங்கே படுத்தெழும்புகிறது, அந்த வீட்டோடு கடைசியாக எந்த வழியில் தொடர்பு கிடைத்தது. வெள்ளத்துக்குப் பிறகு இவை மூன்றும் மாறியிருக்கும். வவுனியாவில் உள்ள உறவினர் வீட்டுக்குப் போன பிள்ளை இருக்கும். தாய் மத்திய கிழக்கில் வேலை செய்ய, அம்மம்மாவோடு வளரும் பிள்ளை இருக்கும். வீட்டின் ஒரே தொலைபேசி விடியற்காலையில் தகப்பனோடு வயலுக்கோ கடலுக்கோ போய்விடும். சில பெயர்களுக்கு எதிரே எழுத எதுவுமே இராது. நீங்கள் கவலைப்பட வேண்டியது அந்தச் சில பெயர்களைப் பற்றித்தான். மற்றவர்களுக்கு எப்படியும் செய்தி போய்விடும்.

இதை நான் அனுபவத்தில் கற்றுக்கொண்டேன். 2018 டிசம்பரில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டு, கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் பல ஊர்கள் வெள்ளத்தில் மூழ்கின. அதன் பின்னர் ஒரு பாடசாலை தொடங்கும் நாளை அச்சிட்ட துண்டு மூலம் வீடுகளுக்கு அறிவித்தோம். பிறகு இரண்டு நாள் தள்ளிப்போட நேர்ந்தபோது, அந்த மாற்றத்தை முதல் நாள் இரவு ஒன்பது மணிக்குத் தொலைபேசிக் குழுவில் மட்டும் போட்டோம். மறுநாள் காலை ஏழு மணிக்கு முன்னரே சந்தியில் நான்கு பிள்ளைகள் நின்றார்கள். வெள்ளைச் சீருடை இன்னும் முழுதாகக் காயவில்லை. ஒருவன் கொப்பிகளை நிவாரண அரிசி வந்த பையில் சுற்றி நெஞ்சோடு அணைத்திருந்தான். கூட வந்திருந்த அம்மம்மா கொட்டப்பெட்டியைத் திறந்து, நான்காக மடித்த அந்தத் துண்டை விரித்துக் காட்டி, "தாளிலை இண்டைக்கு எண்டுதானே சேர் கிடக்கு?" என்று கேட்டார். அவர் கேட்டதில் ஒரு பிழையும் இல்லை. முதல் அறிவித்தல் எந்த வழியில் போனதோ, அதைத் திருத்தும் அறிவித்தலும் அதே வழியில் போக வேண்டும். தாளில் போனதைத் தாளிலும், ஒலிபெருக்கியில் போனதை ஒலிபெருக்கியிலும் திருத்துங்கள்.

திகதி மாறவே மாறாது என்று யாராலும் உறுதி கூற முடியாது. 2020 இல் கொரோனாவுக்காக மூடப்பட்ட பாடசாலைகள் ஜூலை 6 ஆம் திகதி உயர் வகுப்புகளுக்கும் தரம் 5 க்கும் திறக்கப்பட்டு, ஒரு கிழமைக்குள் மீண்டும் மூடப்பட்டதைப் பெற்றோர் மறக்கவில்லை. ஆகவே முதல் அறிவித்தலிலேயே, மாற்றம் வந்தால் அதை எப்படி அறிவிப்போம் என்பதையும் சொல்லிவிடுங்கள். இப்படி எழுதலாம்: "பாடசாலை 12 ஆம் திகதி திங்கட்கிழமை காலை 7.30 மணிக்குத் தரம் 10 முதல் 13 வரையான மாணவர்களுக்குத் தொடங்கும். தரம் 6 முதல் 9 வரை எப்போது தொடங்கும் என்பது இன்னும் முடிவாகவில்லை. அதை வெள்ளிக்கிழமை மாலை 5 மணிக்கு அறிவிப்போம். திகதி மாறினால் அதிபரின் கையொப்பத்துடன் இதே இடங்களில் அறிவித்தல் ஒட்டப்படும். வேறு எவர் சொல்வதையும் நம்ப வேண்டாம்." முடிவாகாததை முடிவாகவில்லை என்றே எழுதுவதற்கு நிர்வாகத்தில் சிலர் தயங்குவார்கள். தயங்கத் தேவையில்லை. ஊரில் கதை கட்டப்படுவது பாடசாலை மௌனமாக இருக்கும் நாட்களில்தான். வெள்ளி மாலை சொல்வதற்குப் புதிதாக ஒன்றும் இல்லையென்றாலும், குறித்த நேரத்துக்கு அதையே அறிவித்து, அடுத்த நாளையும் நேரத்தையும் குறிப்பிடுங்கள். திகதியை வெளியிடுமுன் வலயக் கல்விப் பணிமனையின் உறுதிப்பாட்டை எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள்.

அடுத்தது, எதைச் சொல்வது என்பது. பெற்றோர் முதலில் கேட்பது தண்ணீரையும் மலசலகூடத்தையும் பற்றியே. பெண் பிள்ளைகளின் தாய்மார் இரண்டாவதை வாய்விட்டுக் கேட்கமாட்டார்கள், ஆனால் அதற்காகவே பிள்ளையை மறித்துவிடுவார்கள். "குடிநீர் பாதுகாப்பானது" என்று பொதுவாக எழுதுவதைவிட, கிணறு எந்த நாளில் இறைக்கப்பட்டது, குளோரின் எப்போது இடப்பட்டது, பொதுச் சுகாதாரப் பரிசோதகர் எப்போது வந்து பார்த்தார், பெண் பிள்ளைகளுக்கென எத்தனை மலசலகூடங்கள் கதவும் கொண்டியும் தண்ணீருமாகத் தயாராக உள்ளன என்று எழுதினால், வாசிப்பவருக்கு நம்பிக்கை தானாக வரும். வேலை முடியவில்லையென்றால், முதல் கிழமை கொதித்தாறிய தண்ணீரைப் போத்தலில் கொடுத்துவிடச் சொல்லுங்கள். வெள்ளம் நின்ற இடங்களில் எலிக்காய்ச்சல் பரவக்கூடும் என்பதால், பிள்ளைகள் காலில் புண்ணோடு சேற்றுத் தண்ணீரில் இறங்கக்கூடாது என்பதையும், காய்ச்சல் வந்தால் வைத்தியசாலைக்கே கொண்டுபோக வேண்டும் என்பதையும் இரண்டு வரியில் சேர்க்கலாம்.

சீருடை, சப்பாத்து, புத்தகம் ஆகியவற்றை இழந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். "சீருடை இல்லாவிட்டாலும் உள்ள உடையோடு அனுப்புங்கள், பாடப்புத்தகம் இழந்தவர்களின் பட்டியலை வகுப்பாசிரியர் எடுப்பார்" என்ற வாக்கியம் உங்கள் அறிவித்தலில் கட்டாயம் இருக்க வேண்டும். அதே அறிவித்தலில் எந்தக் காரணத்துக்காகவும் பணம் கேட்கும் வரி இருக்கக்கூடாது. பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் சந்தா, துப்புரவுச் செலவு எதுவானாலும் பிறகு தனியே பேசிக்கொள்ளலாம். பணத்தைப் பற்றிய ஒரு வரியைக் கண்டால், கையில் இல்லாத தாய் வெட்கத்தில் பிள்ளையை வீட்டிலேயே வைத்துக்கொள்வார்.

வகுப்பறைகளில் இன்னும் தங்கியிருக்கும் குடும்பங்களைப் பற்றி எழுதும்போது மிகுந்த கவனம் தேவை. "தங்கியிருப்போர் வெளியேறியதும் பாடசாலை தொடங்கும்" என்று ஒரு வரி போனால், அந்த மக்கள்மேல் ஊரின் கோபம் திரும்பும். அவர்களிலும் உங்கள் மாணவர்களின் பெற்றோர் இருப்பார்கள். இடம்பெயர்ந்து பாடசாலைகளில் படுத்தெழும்பிய நினைவு வன்னியில் ஏறக்குறைய எல்லா வீட்டிலும் உண்டு. கிராம அலுவலரோடும் பிரதேச செயலகத்தோடும் பேசி, அவர்கள் எங்கே, எப்போது மாறுவார்கள் என்பதை முதலில் அந்தக் குடும்பங்களுக்கே நேரில் சொல்லுங்கள். ஊருக்கு அறிவிப்பது அதன் பிறகு.

வழிப்பாதையைப் பற்றியும் அறிவித்தல் பேச வேண்டும். எந்த மதகு உடைந்துள்ளது, எந்தப் பாதையில் பஸ் வருகிறது, வராத இடத்துப் பிள்ளைகள் எங்கே வந்து ஏற வேண்டும் என்பதை இலங்கைப் போக்குவரத்துச் சபையின் (இ.போ.ச.) பஸ் டிப்போவில் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டு எழுதுங்கள். வெள்ளம் மண்ணை அரித்த இடங்களில் போர்க்காலத்து வெடிபொருட்கள் வெளித்தெரியக்கூடும். குறுக்குப் பாதையால் வர வேண்டாம், எதைக் கண்டாலும் தொடாமல் விலகி பொலிஸின் 119 க்குத் தகவல் கொடுக்க வேண்டும் என்பது நமது பகுதியில் ஒவ்வொரு அறிவித்தலிலும் இருக்க வேண்டிய வரி.

வட்ஸ்அப் குழுவைக் கைவிடச் சொல்லவில்லை. நிர்வாகிகள் மட்டும் செய்தி அனுப்பும்படி அதை மாற்றி, ஒருவரை மட்டும் பொறுப்பாக்கி, எழுத்துச் செய்தியோடு ஒரு நிமிடத்துக்குள் அடங்கும் குரல் பதிவையும் அதிபரின் குரலிலேயே அனுப்புங்கள். எழுத்து வாசிக்கச் சிரமப்படுவோர் அதைத்தான் கேட்பார்கள். ரீலோட் இல்லாதவர்களுக்கும் அலைவரிசை எட்டாத குடியிருப்புகளுக்கும் தாளும் ஒலிபெருக்கியும் வேண்டும். அறிவித்தலைப் பெரிய எழுத்தில் ஒரே பக்கத்தில் எழுதி, சங்கக்கடை, பஸ் தரிப்பிடம், கிராம அலுவலர் அலுவலகம், பால் சேகரிக்கும் இடம் ஆகியவற்றில் ஒட்டுங்கள். பால் சேகரிக்கும் இடத்தை நான் தனியாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு: வேறெங்கும் வராத வீட்டுக்காரரும் காலையில் போத்தலோடு அங்கே வருவார். கோயிலிலும் தேவாலயத்திலும் பூசைக்குப் பின் வாசிக்கச் சொன்னால் மறுக்கமாட்டார்கள்.

சாதாரண தர, உயர்தர மாணவர்களின் பெற்றோரை மட்டும் திறப்பதற்கு முன்னரே ஒரு பின்னேரம் அழையுங்கள். விண்ணப்பம், அடையாள அட்டை, வெள்ளத்தில் போன பிறப்புச் சான்றிதழின் பிரதியைப் பிரதேச செயலகத்தில் எடுப்பது ஆகியவற்றை நேரில் சொன்னால்தான் விளங்கும்.

திறக்கும் நாளில் காலை பத்து மணிக்குள் வராத பிள்ளைகளின் பெயர்களை வகுப்பாசிரியர்கள் உங்கள் மேசைக்குக் கொண்டுவரட்டும். அன்றே அழையுங்கள், தொலைபேசி எடுக்காத வீடுகளுக்கு மூன்று நாளுக்குள் இரண்டு ஆசிரியர்கள் நேரில் போகட்டும். போகிறவர்கள் "ஏன் அனுப்பவில்லை" என்று தொடங்காமல், "பிள்ளைக்கு என்ன தேவை" என்று கேட்கட்டும். பதினைந்து பதினாறு வயதுப் பையன் மேசன் வேலைக்குப் போயிருந்தாலோ, பெண் பிள்ளைக்குக் கலியாணப் பேச்சு நடந்தாலோ, பிரதேச செயலகத்தின் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரிடம் தாமதமின்றிச் சொல்லுங்கள். சிறுவர் உதவித் தொலைபேசியான 1929 என்ற இலக்கத்துக்கும் அறிவிக்கலாம். 16 வயதுவரை பாடசாலைக் கல்வி கட்டாயம் என்பதால், அந்த வீட்டில் பேசுவதற்குச் சட்டமும் உங்களோடு நிற்கிறது. அந்தப் பெயர்களை ஆசிரியர் ஒருவரும் குழுவில் பகிரக்கூடாது என்பதையும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.