மருத்துவரைக் கேளுங்கள்: இந்துப்பு, மீதி மாத்திரை, நாய்க் கீறல்

காலையில் வெறும் வயிற்றில் ஒரு லிட்டர் தண்ணீர் குடித்தால் உடம்பிலுள்ள நச்செல்லாம் வெளியேறிவிடுமா? (வாசகர், கரூர்)

நச்சை வெளியேற்றும் வேலையைக் கல்லீரலும் சிறுநீரகமும் ராத்திரி பகலாகப் பார்த்துக்கொண்டுதான் இருக்கின்றன. ஒரே மூச்சில் ஒரு லிட்டர் தேவையில்லை. தாகத்துக்குக் குடியுங்கள், வெயில் காலத்தில் கொஞ்சம் கூடுதலாக. சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் போதும். இதய, சிறுநீரக நோயாளிகள் மட்டும் தங்கள் மருத்துவர் சொன்ன அளவைத் தாண்டக் கூடாது.

பிரஷர் 150 இருக்கிறது. சாதா உப்பை நிறுத்தி இந்துப்புக்கு மாறிவிட்டேன். மாத்திரையை விட்டுவிடலாமா? (வாசகர், திண்டுக்கல்)

கூடாது. 150 என்று எழுதினீர்கள், கீழ் எண் எங்கே? வயது எங்கே? இரண்டும் இல்லாமல் எழுதாதீர்கள் என்று எத்தனை முறைதான் கேட்பது!

இந்துப்பும் சோடியம் குளோரைடுதான். பிரஷரைப் பொறுத்தவரை பெரிய வித்தியாசம் கிடையாது. போதாக்குறைக்குப் பல இந்துப்புப் பொட்டலங்களில் அயோடினும் சேர்ப்பதில்லை. எந்த உப்பானாலும் எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள் இருக்க வேண்டும். சாம்பாரில் குறைத்துவிட்டு ஊறுகாய், அப்பளம், கருவாடு, மோர் மிளகாய் என்று தட்டின் ஓரத்தில் அடுக்கினால் கணக்கு எங்கே நிற்கும்? முதலில் அந்த ஓரத்தைக் காலி செய்யுங்கள். பிரஷர் பார்க்கும் முன் அரை மணி நேரம் காபி வேண்டாம். முதுகைச் சாய்த்து, பாதம் தரையில் பட, ஐந்து நிமிடம் பேசாமல் உட்காருங்கள். மாத்திரையைக் குறைப்பதும் நிறுத்துவதும் உங்கள் மருத்துவர் வேலை.

தலை சுற்றுகிறது. நல்ல மாத்திரையாகச் சொல்லவும். (பெயர், ஊர் இல்லை)

வயதும் இல்லை. ரத்தசோகையா, சர்க்கரை இறங்கியதா, பிரஷர் மாத்திரையின் விளைவா, உள்காதுக் கோளாறா என்று தபாலில் கண்டுபிடிக்க முடியாது. நேரில் ஒரு மருத்துவரைப் பாருங்கள். பேச்சு குழறினாலோ, வாய் கோணினாலோ, ஒரு பக்கக் கை கால் மரத்தாலோ 108ஐ அழையுங்கள், உடனே.

மகனுக்குச் சளி, காய்ச்சல். போன தடவை மருத்துவர் எழுதிக் கொடுத்ததில் மூன்று அசித்ரோமைசின் மீதி இருக்கிறது. அதையே கொடுக்கலாமா? இல்லை, மெடிக்கலில் கேட்டு வாங்கவா? (வாசகி, விழுப்புரம்)

இரண்டும் வேண்டாம். மகனுக்கு மூன்று வயதா, முப்பதா என்றுகூட எழுதவில்லை. குழந்தைக்கு மருந்து எடையைப் பார்த்துக் கொடுப்பது. முதலில், அந்த மூன்று மாத்திரை எப்படி மீதியானது? இரண்டாம் நாள் காய்ச்சல் விட்டதும் நிறுத்தியிருப்பீர்கள். மீந்ததைப் பத்திரப்படுத்தியது அடுத்த தவறு.

சளி, தும்மல், சாதாரணத் தொண்டை வலி பெரும்பாலும் வைரஸால் வருபவை. அசித்ரோமைசின் ஓர் ஆன்டிபயாடிக், அதாவது பாக்டீரியாவுக்கான மருந்து. வைரஸை அது ஒன்றும் செய்யாது. சளி ஐந்தாறு நாளில் தானாகத் தணியும்போது பெயர் மாத்திரைக்குப் போகிறது, அவ்வளவுதான். ஆனால் உடம்பிலிருக்கும் பாக்டீரியாக்களில் பலவீனமானவை அந்த மருந்தில் செத்து, தாக்குப்பிடித்தவை பெருகும். அடுத்து நிஜமாகவே நிமோனியா வந்தால் அதே மருந்து கைகொடுக்காமல் போகலாம். இதைப் புதிதாக நான் சொல்லவில்லை. பெனிசிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் ஃபிளெமிங் 1945இல் நோபல் உரையிலேயே எச்சரித்தார்: கடையில் யாரும் வாங்கலாம் என்ற நிலை வந்தால், குறைந்த அளவில் சாப்பிட்டு, மருந்துக்கு மசியாத கிருமிகளை மக்களே உருவாக்கிவிடுவார்கள் என்று.

என்னிடம் வருகிறவர்கள் கொண்டுவரும் பிளாஸ்டிக் கவரைத் திறந்தால், கத்தரிக்கோலால் வெட்டிக் கொடுத்த மாத்திரை அட்டைத் துண்டுகள் கிடக்கும். மருந்தின் பெயரில் பாதி எழுத்துதான் தெரியும். காலாவதித் தேதி கடையில் தங்கிவிட்ட துண்டில் இருக்கும். என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டால் “ரோஸ் கலர் மாத்திரை” என்பார்கள். அப்புறம் சிறுநீர்க் கல்ச்சர் ரிப்போர்ட் வரும், சிறுநீரிலுள்ள கிருமியை வளர்த்து எந்த மருந்து அதற்குப் பலிக்கும் என்று பார்க்கும் சோதனை அது. மருந்துப் பெயர்களுக்கு எதிரே வரிசையாக ‘ஆர்’, ‘ஆர்’, ‘ஆர்’. அந்த மருந்துகள் எதுவும் அந்தக் கிருமியிடம் பலிக்காது என்று அர்த்தம். மாத்திரையில் தீர வேண்டிய தொற்றுக்கு ஆஸ்பத்திரியில் படுத்து ஊசி போட வேண்டியிருக்கும். இதைப் பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரிகிறது.

மாத்திரை அட்டையின் பின்பக்கம் செங்குத்தாக ஒரு சிவப்புக் கோடு இருக்கிறதா? சீட்டு இல்லாமல் வாங்கக் கூடாத மருந்து அது. மத்திய அரசு 2016இலேயே இந்தக் கோட்டைப் பற்றிப் பிரசாரம் செய்தது. விற்பவர் கேட்காவிட்டாலும் நீங்கள் பாருங்கள்.

இப்போதைக்கு ஓய்வு, கஞ்சி, தண்ணீர், வயதுக்கும் எடைக்கும் ஏற்ற அளவில் பாராசிட்டமால் போதும். சளி மாத்திரை பலவற்றிலும் பாராசிட்டமால் உண்டு, இரண்டையும் சேர்த்துக் கொடுக்காதீர்கள். டெங்கு சீசனில் இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், ஆஸ்பிரின் ஆகிய வலி மாத்திரைகள் பக்கமே போக வேண்டாம், ரத்தக்கசிவு அபாயம். மூன்று நாளில் காய்ச்சல் விடாவிட்டாலோ, அதற்கு முன்பே மூச்சு வாங்கினாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ, துவண்டுபோனாலோ மருத்துவரிடம் போங்கள். கைக்குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் முதல் நாளே. சீட்டில்லாமல் ஆன்டிபயாடிக் வேண்டாம்.

பதினைந்து வருடமாகச் சர்க்கரை. பூங்காவில் கூழாங்கல் பதித்த 8 வடிவப் பாதையில் வெறுங்காலில் நடக்கிறேன். நல்லதுதானே? (வயது 61, சேலம்)

வயதை எழுதியதற்கு நன்றி. நடை நல்லது, வெறுங்கால் ஆபத்து. இத்தனை வருடச் சர்க்கரையில் பாதத்தின் உணர்ச்சி மங்கியிருக்கலாம், கல் குத்தியதே தெரியாது. ஷூ போட்டுச் சமதரையில் வாரம் 150 நிமிடம் நடங்கள். தினமும் ராத்திரி படுக்கும் முன் உள்ளங்காலையும் விரலிடுக்குகளையும் பாருங்கள். குனிய முடியாவிட்டால் தரையில் கண்ணாடி வைத்துப் பார்க்கலாம்.

பக்கத்து வீட்டு நாய்க்குட்டி மகள் கையைக் கீறி லேசாக ரத்தம் வந்தது. மஞ்சள் வைத்தேன். ஊசி தேவையா? (வாசகி, தென்காசி)

தேவை. கடிதம் எழுதிக் காத்திருக்கும் விஷயமா இது? இதைப் படித்ததும் கிளம்புங்கள். நாள் கடந்துவிட்டது என்று விட்டுவிடக் கூடாது. அரசு மருத்துவமனையில் ஊசி இலவசம். ரத்தம் வந்த கீறல் என்பதால் தடுப்பூசியோடு, கிருமியை உடனே எதிர்க்கும் புரதமான இம்யூனோகுளோபுலினும் வேண்டியிருக்கும், கேளுங்கள். அட்டையில் எழுதித் தரும் எல்லாத் தேதிக்கும் போக வேண்டும். ரேபிஸ் அறிகுறி தொடங்கிவிட்டால் காப்பாற்றுவது ஏறக்குறைய நடக்காத காரியம். மற்றவர்களுக்கும் சொல்கிறேன்: கடியோ கீறலோ, குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் எதுவும் வைக்காதீர்கள்.

வீட்டைச் சுற்றிச் சாக்கடையே இல்லை. டெங்கு எப்படி வந்தது? (வாசகர், கடலூர்)

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையைத் தேடுவதில்லை, தேங்கிய நல்ல தண்ணீரைத்தான் தேடும். ஃப்ரிட்ஜின் பின்தட்டு, மணிபிளான்ட் பாட்டில், மொட்டைமாடித் தேங்காய்ச் சிரட்டை. தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. கொசு முட்டை பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும் தண்ணீர் பட்டால் பொரியும். வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவுங்கள். இந்தக் கொசு பகலில் கடிக்கும்.

காது குடைய பட்ஸ் நல்லதா, கோழி இறகா? (வாசகர், நாகர்கோவில்)

இரண்டும் வேண்டாம்.

கையில் சானிடைசர் இருந்தால் சோப்பு எதற்கு? (மாணவி, மதுரை)

எண்ணெய், மண், அழுக்கு படிந்த கையில் சானிடைசர் சரியாக வேலை செய்யாது. வயிற்றுப்போக்கை உண்டாக்கும் சில வைரஸ்களும் அதற்கு லேசில் சாவதில்லை. பஸ்ஸில் அவசரத்துக்குச் சரி. சாப்பாட்டுக்கு முன்னும் கழிப்பறைக்குப் பின்னும் சோப்புதான், 20 விநாடி. கட்டைவிரலையும் நகக்கண்ணையும் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள்.