பள்ளிச் சமையற்கூடத்தின் டெண்டர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சில ஆண்டுகளாக விவசாயிகளிடமே நேரடியாகக் காய்கறி வாங்குகிறேன். வீட்டில் உணவை வீணாக்குவதில்லை. ஆனால் என்னைச் சுற்றி எதுவும் மாறவில்லை. சிறு விவசாயிகள் நிலத்தை விற்றுவிட்டுப் போகிறார்கள். பள்ளியில் பிள்ளைகளுக்கு எங்கிருந்தோ வந்த வாடிய காய்தான். உணவு விஷயத்தில் எல்லாவற்றையும் அரசும் பெரிய கம்பெனிகளும் தீர்மானிக்கும்போது, ஊர் அளவில் ஒருவர் செய்ய ஏதாவது மிச்சம் இருக்கிறதா?

ம.

அன்புள்ள ம.,

இருக்கிறது. நீங்கள் இப்போது செய்வதும் வீண் இல்லை. நிச்சயமாக வாங்கிக்கொள்ள ஒருவர் இருப்பது விவசாயிக்குப் பெரிய தெம்பு. ஆனால் வாங்குபவராக மட்டும் இருந்தால் அது உங்கள் வீட்டு அடுப்போடு நின்றுவிடும். பள்ளி, மருத்துவமனை, விடுதி ஆகியவற்றின் சமையற்கூடங்கள் தினமும் மொத்தமாக வாங்குகின்றன. அவற்றில் பலவும் பொதுப்பணத்தில் நடப்பவை. அங்கே போய்க் கேள்வி கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

முதலில் கொள்முதல் டெண்டரின் நிபந்தனைகளைப் படியுங்கள். எல்லாப் பொருளையும் ஒரே ஒப்பந்ததாரர், எல்லாப் பள்ளிகளுக்கும், ஆண்டு முழுக்கத் தர வேண்டும் என்று ஒரு வரி இருக்கக்கூடும். அதோடு முன்வைப்புத் தொகை, முந்தைய ஆண்டுகளின் வரவு செலவுச் சான்று, சரக்கு கொடுத்துப் பல வாரம் கழித்துப் பணம். இதை எழுதியவருக்கு விவசாயி மேல் கோபம் ஒன்றுமில்லை. பத்துப் பேருடைய பில்லைப் பார்ப்பதைவிட ஒருவருடைய பில்லைப் பார்ப்பது அலுவலகத்துக்குச் சுலபம், அவ்வளவுதான். ஆனால் அந்த ஒரு வரியால் சிறு விவசாயி உள்ளேயே வர முடியாமல் போகிறது. காய்கறி தனி, பால் தனி, வட்டாரத்துக்கு ஒன்று என்று பிரித்தால், விவசாயிகள் சங்கமாகச் சேர்ந்து டெண்டர் போட முடியும்.

பிரேசிலில் 2009ஆம் ஆண்டுச் சட்டம் இதைவிட ஒரு படி மேலே போனது. பள்ளி உணவுக்காக மத்திய அரசு தரும் பணத்தில் குறைந்தது 30 விழுக்காட்டைக் குடும்ப விவசாயிகளிடம் வாங்கச் செலவிட வேண்டும் என்று அது அப்போது விதித்தது. விலை உள்ளூர்ச் சந்தையை ஒட்டி இருந்தால் டெண்டர் இல்லாமலே வாங்கலாம். கணக்கைக் கண்காணிக்கும் குழுவில் பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் இடம் உண்டு. என்னைக் கேட்டால், அந்த 30 விழுக்காட்டைவிட இந்தக் குழுதான் முக்கியம். பார்க்க ஆள் இல்லாத சட்டம் காகிதத்திலேயே இருக்கும். அதே நாட்டில் பெலோ ஒரிசோன்ச்சி மாநகராட்சி 1993லேயே உணவுக்கென்று தனித்துறை அமைத்து, விவசாயிகள் நேரடியாக விற்க நகருக்குள் இடம் ஒதுக்கியது. ஒரு நகரமே முன்கை எடுக்க முடியும் என்பதற்காகச் சொல்கிறேன்.

ஊர்க்காரர்களும் அதிகாரிகளும் சேர்ந்து உட்காரும் உணவுக் கொள்கைக் குழு என்பதும் புதிதல்ல. அமெரிக்காவின் நாக்ஸ்வில்லில் 1982இலும் கனடாவின் டொராண்டோவில் 1991இலும் அப்படிக் குழுக்கள் அமைந்தன. இவை பெரும்பாலும் யோசனை சொல்லும் குழுக்கள்தான், உத்தரவிட முடியாது. அதனால் கொள்முதலைக் கவனிக்கும் அதிகாரி கூட்டத்துக்கு வருகிறாரா என்று பாருங்கள். அவர் இல்லாத கூட்டத்தில் நாம் ஒருவருக்கொருவர் பேசிக்கொண்டு கலைய வேண்டியதுதான்.

சமையல்காரர்களையும் கட்டாயம் கூப்பிடுங்கள். பலரும் மறந்துபோவது இவர்களைத்தான். தோட்டத்திலிருந்து நேராக வரும் காய் ஒரே அளவில் இருக்காது, மண்ணோடு வரும். கழுவ, நறுக்கக் கூடுதல் நேரம் வேண்டும். கூடுதலாக ஒரு கையும் சம்பளமும் தராமல் திட்டம் போட்டால், சுமை முழுக்க அந்தப் பெண்கள் தலையில்தான் விழும். பழையபடி பெரிய ஒப்பந்ததாரரே தேவலை என்று அவர்கள் சொன்னால் அதில் தப்பே கிடையாது.

போன ஆண்டின் டெண்டர் பத்திரத்தை வாங்கி, உங்களுக்குத் தெரிந்த விவசாயிகளிடம் காட்டி, எந்த நிபந்தனை தங்களைத் தடுக்கிறது என்று அவர்களையே குறிக்கச் சொல்லுங்கள். அடுத்த டெண்டர் எந்த மாதம் தயாராகிறது என்றும் விசாரித்து வையுங்கள். அறிவிப்பு வந்த பிறகு போனால், அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள்.