பிரபுக்களை எதிர்த்துக் கிளர்ந்த விவசாயிகளும் அரசர் ஃபெர்டினாண்டின் தீர்ப்பும்

‘தமக்குக் கீழ்ப்பட்ட பிரபுக்களை எதிர்த்து விவசாயிகள் கிளர்ந்தபோது, இடைக்கால ஐரோப்பாவின் அரசர்கள் எப்போதும் பிரபுக்களின் பக்கமே நின்றார்களா?’ என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் நின்றார்கள். விலக்கு என்று வழக்கமாகச் சுட்டப்படுவது, இன்றைய ஸ்பெயினின் வடகிழக்கிலுள்ள கத்தலோனியாவில், அதை ஆண்ட அரகோன் அரசர் இரண்டாம் ஃபெர்டினாண்ட் 1486-இல் வழங்கிய குவாதலூப்பே தீர்ப்பு. அதை விவசாயிகள் மீதான பரிவு என்று கொள்ள எனக்கு மனம் வருவதில்லை. அந்த அரச மரபு தன் ஆதரவை இரு தரப்புக்கும் மாறி மாறி விற்று வந்தது என்றே கருதுகிறேன்.

‘பழைய கத்தலோனியா’ எனப்படும் அதன் வடகிழக்குப் பகுதியின் ரெமென்சா விவசாயிகள், பிரபுவுக்கு மீட்புப் பணம் செலுத்தாமல் நிலத்தை விட்டு வெளியேற முடியாதவர்கள். அந்த மீட்புப் பணத்துடன் சேர்த்து அவர்கள் மீதிருந்த ஆறு சுமைகளுக்குத் ‘தீய வழக்கங்கள்’ என்றே பெயர். உயில் எழுதாமல் இறந்தாலும், பிள்ளையில்லாமல் இறந்தாலும், மனைவி பிறருடன் உறவு கொண்டாலும் உடைமையில் ஒரு பங்கு பிரபுவைச் சேரும்; பண்ணைவீடு தீப்பற்றினால் ஈடு கட்ட வேண்டும்; மணப்பெண்ணின் சீதனத்துக்கு நிலத்தைப் பிணையாகக் காட்டப் பிரபுவின் ஒப்புதலை விலை கொடுத்துப் பெற வேண்டும். போதாக்குறைக்கு, தம் விவசாயிகளைத் துன்புறுத்தும் உரிமையே பிரபுக்களுக்கு உண்டு என்பதை 1202-இல் செர்வேராவில் கூடிய மன்றம் (அரசர் கூட்டும் நாட்டுப் பிரதிநிதிகள் அவை) ஏற்றிருந்தது.

இத்தாலியின் நேப்பிள்ஸில் இருந்தபடி ஆண்ட அரகோன் அரசர் ஐந்தாம் அல்ஃபோன்சோவுக்குப் பணம் தேவைப்பட்டது. அதனால் 1448-இல், தமக்குத் தரும் பணத்தைத் திரட்ட, விவசாயிகள் கூடிப் பேராளர்களைத் தேர்ந்தெடுக்க அனுமதித்தார். பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரின் பெயர்கள் பதிவான அந்த ஏடு ஜிரோனாவில் இன்றும் இருக்கிறது. 1455-இல் அவர் தீய வழக்கங்களை நிறுத்தியும் வைத்தார். 1462-இல் அரசருக்கு எதிராக உள்நாட்டுப் போர் மூண்டபோது, ஃபிரான்செஸ்க் வெர்ன்டல்லாத் தலைமையில் விவசாயிகள் அடுத்த அரசர் இரண்டாம் ஜுவானுக்காகப் போரிட்டனர். அப்போது ஜுவானின் மகன் ஃபெர்டினாண்ட், பத்து வயதுச் சிறுவனாக, தாயுடன் ஜிரோனாவில் முற்றுகைக்குள் சிக்கியிருந்தார். ஆனால் அந்த மகனே அரியணையேறியபின், 1481-இல் பார்சலோனாவில் கூடிய மன்றத்தில், பணத்துக்கு ஈடாக 1455-ஆம் ஆண்டு ஆணையை ரத்துசெய்ய இசைந்தார்.

அதற்கு விடையாக 1484-இல் பெரே ஜுவான் சாலாவின் கிளர்ச்சி வெடித்தது. அவருடைய ஆட்கள் பார்சலோனாவுக்கு அருகிலுள்ள கிரனோயேர்ஸ் வரை வந்துவிட்டனர்; 1485 மார்ச்சில் தோற்கடிக்கப்பட்டனர்; சாலா பார்சலோனாவில் கொல்லப்பட்டார். வழக்கமான கதை இங்கே முடிந்திருக்கும். தெற்கே முஸ்லிம் அரசான கிரானடாவுடனான போரில் மூழ்கியிருந்த ஃபெர்டினாண்டுக்கோ, பின்னால் ஓயாமல் புகையும் ஒரு நாடு கட்டுப்படியாகவில்லை. மலைப்பகுதிகளில் எதிர்ப்பும் அடங்கவில்லை. ஆகவே இரு தரப்பும் தம்மை நடுவராக ஏற்கச் செய்து, 1486 ஏப்ரல் 21 அன்று மேற்கு ஸ்பெயினில் எஸ்திரமதூராவின் குவாதலூப்பே மடத்தில் தீர்ப்பு வழங்கினார்.

துன்புறுத்தும் உரிமை ஒழிந்தது. ஆறு தீய வழக்கங்களும் ஒழிந்தன, ஆனால் இலவசமாக அல்ல: ஒவ்வொரு பண்ணையும் வழக்கம் ஒன்றுக்குப் பத்து சூ (அக்கால நாணயம்) வீதம் 60 சூ செலுத்தி அவற்றிலிருந்து மீள வேண்டும், அல்லது ஆண்டுக்கு மூன்று சூ கட்டிவர வேண்டும். அறுபதுக்கு மூன்று என்பது சரியாக ஐந்து விழுக்காடு. வட்டிக்கணக்கு அறிந்தவர்தான் இதை எழுதியிருக்க வேண்டும். நிலத்தின் அனுபோகம் விவசாயியிடமே இருந்தது. பிரபுவுக்கான குத்தகையும் விசுவாச உறுதிமொழியும் தொடர்ந்தன. கைப்பற்றிய கோட்டைகளைத் திருப்பித் தர வேண்டியிருந்தது. பிரபுக்களுக்கு இழப்பீடாக 6,000 லியுராவும் (ஒரு லியுரா இருபது சூ), கிளர்ந்த குற்றத்துக்காக அரசருக்கு 50,000 லியுராவும் விதிக்கப்பட்டன. பிரபுக்களை எதிர்த்து எழுந்த கலகத்தில் அந்தப் பிரபுக்களுக்குக் கிடைத்ததைப்போல் எட்டு மடங்குக்கும் மேலாக அரசர் பெற்றார் என்பதைத்தான் நான் முதலில் கவனிப்பேன்.

அந்தத் தண்டத்தைத் திரட்டுவதற்காக 1488-இல் விவசாயிகள் மீண்டும் கூடிப் பேராளர்களைத் தேர்ந்தெடுத்தனர்.